உப்புக் கடன்

முப்பது மாத்திரை, ஒரு வெள்ளைப் புட்டி.
நடந்தால் பேசுகிறது.
கூடைக்கடியில் வைத்தேன், பேசியது.
இடுப்புத்துணியில் முடிந்தேன், இன்னும் உரக்க.
இந்தக் கரையில் எல்லாருக்கும் அந்தக் கிலுக்கு தெரியும்.
எந்த வீட்டில் நோய், எத்தனை வருடமாய் என்று
காதாலேயே கணக்கு வைத்திருப்பார்கள்.
எனக்கு நோய் இல்லை.
வந்துவிட்டவளின் புட்டியும்
வராமலிருக்க விழுங்குகிறவளின் புட்டியும்
ஒரே குரலில் பேசுவதுதான் சங்கடம்.
பஞ்சு திணித்தேன். வாயை மூடிக்கொண்டது.

இது கடலில்லை, விக்டோரியா ஏரி.
ஆனாலும் அக்கரை தெரியாது.
நிலவில்லாத இரவில் படகுகள் விளக்கோடு போகும்,
வெளிச்சத்தை நம்பி ஒமேனா மேலே வரும்.
நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தங்கை, அவ்வளவுதான் அந்த மீன்.
விடியலில் ஒரு கூடைக்கு இரண்டு விலை.
ஒன்று ஷில்லிங்கில்.
மற்றதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
மீன் குறைந்த மாதங்களில்
ஷில்லிங் செல்லாது.

ஒக்வேனோவின் படகில் எனக்கு மூன்று வருடக் கணக்கு.
கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.
மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது
மோட்டார் சைக்கிளுக்குப் பணம் கொடுத்தவன்.
ஆணுறை என்றால் மட்டும்
"சோளத்தை மட்டையோடு தின்பாயா, அக்கெல்லோ?" என்பான்.
சிரிப்பேன். கூடை நிறைய வேண்டுமே.

நர்ஸ் ஜெரோட்டிச் விரலில் குத்தினாள்.
ஒரு பொட்டு ரத்தம்.
கால் மணி நேரம் கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினேன்.
ஒற்றைக் கோடு.
"இது ஒன்றாகவே இருக்க தினமும் ஒன்று.
ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை கிடையாது.
முதல் ஏழு நாள் இதை நம்பி இருக்காதே.
பிள்ளை தங்குவதை இது தடுக்காது,
மற்ற நோய்களையும்தான்.
மூன்று மாதம் கழித்து விரலைக் கொண்டு வா."
ஏதோ விரல் மட்டும் தனியாய்ப் படகேறி வருமென்பதுபோல.

முதல் வாரம் மீன்வாடை குமட்டியது.
மீன் விற்கிறவளுக்கு!
அப்புறம் பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஒக்வேனோ வாசலில் நிற்கிறான்,
உள்ளேயிருந்து கிலுகிலுவென்று ஓடி வருகிறான் ஒசீர்.
இரண்டு வயசு.
பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டான்.
உலகத்திலேயே நல்ல கிலுகிலுப்பை கிடைத்த முகம்.

"உனக்கா?"
"வராமலிருக்க."
"யாரிடமிருந்து?"
நான் பதில் சொல்லவில்லை. பிள்ளை கிலுக்கினான்.
"நீ விரலைக் காட்டியிருக்கிறாயா, ஒக்வேனோ? எப்போதாவது?"
தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.
செருப்பில் ஒன்று சரியாக மாட்டவில்லை,
திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே போனான்.

மறுநாள் எனக்குக் கூடையில்லை.
வேறு படகில் கடனுக்கு வாங்கி நட்டத்துக்கு விற்றேன்.
அந்த வாரம் உகாலியும் வெறும் கீரையும்.
மீன் காயவைக்கும் வலையோரம்
எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்குமளவு இடம் விட்டார்கள்.
சேதி எந்தப் படகில் ஏறி எப்படித் திரும்பியதோ.

திங்களிரவு அப்போந்தி வந்தாள்.
கொஞ்சம் உப்பு இருக்குமா என்றாள்.
கொடுத்தேன். போகவில்லை.
கதவின் துருவை நகத்தால் சுரண்டியபடி
"அது ரொம்பக் குமட்டுமா?" என்றாள்.
இரண்டு நாள் கழித்து அவள் நாத்தி. உப்புக்கு.
அப்புறம் வலை தைக்கிறவனின் மனைவி,
அவளிடம் சொந்தக் கிண்ணமே இருந்தது,
அதில் அரைக் கிண்ணம் உப்பும் இருந்தது,
மறந்துபோய் அப்படியே ஏந்தி வந்துவிட்டாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
என் மடியில் இன்றைக்குப் பதினேழு.
இருட்டில்தான் கரைக்குப் போகிறேன்,
பஞ்சில்லாமல்.

உப்பு தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.
ஒக்வேனோ மட்டும் இன்னும் வரவில்லை.
அவன் வீட்டில் உப்பு இருக்கிறது போலும்.