ஒரு மாத்திரை

எட்டாங்கட்டை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
கண்ணாடிக்கு வெளியே லோரி,
லோரியின்மேல் செம்பனைக் குலை,
குலையின்மேல் மழை.
மழையையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம்,
கம்பெனி பிறகு கழித்துக்கொள்ளும்.

ஷிப்ட் ஏறுமுன் கிளினிக்கில் ஒரு மாத்திரை.
மஞ்சள். மிளகு அளவு.
வைட்டமின் என்கிறார் டிரெசர்.
விழுங்கியதும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்.
வைட்டமினுக்கு எதற்கு நாக்கு என்று
யாரும் கேட்டதில்லை, நானும்.

செவ்வாய்க்கிழமை, மூன்று பதினேழு.
சுகுமாறன் லோரி மேடை ஏறியது.
பத்தொன்பதாயிரத்து நானூற்று இருபது.
கையைத் தூக்கிக் காட்டினான்.
மழித்த முகம், காதில் பாதி சிகரெட்.
தூசி விழுந்து
இமைத்தேன்.

பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்து.

எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
கோழி ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாது.
எழுந்து பார்த்தேன்.
தூக்கிய கை தூக்கியபடியே.
அதன் நுனியில் உடைந்து கறுத்த நகங்கள்.
கழுத்தை மூடிய தாடி.
சட்டை அவன்மேல்
கொடியில் காய்வதுபோலத் தொங்கியது.

‘ஆ’ என்றான்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.
பிறகு, “இன்னிக்கு என்னா தேதி?”
சொன்னேன்.
“அட, இன்னும் செவ்வாயா!”

“அங்க எட்டு மாசம், மலரு.
வெட்டு, பொறுக்கு, ஏத்து.
வானமே இல்ல.
கண்ண மூடுனா செவப்பா ஒண்ணு தெரியுமே,
அதான் வெளிச்சம், பகலுக்கும் ராவுக்கும்.
எப்பவும் போறதுதானாம். எல்லாருமே.
திரும்பினா மறந்துடுமாம்.
நேத்து நான் மாத்திரைய
நாக்குக்கு அடியில வச்சித் துப்பிட்டேன்.”

சம்பளச் சீட்டை நீட்டினான். அச்சடித்திருந்தது:
வேலை நேரம், ஒரு இமைப்பு.
கூலி, ஒரு சென்னுக்கும் கீழ்.
எனவே பூச்சியம்.

தமிழ்ப்பள்ளியில் கத்திக் கத்திப் படித்தோம்:
கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மெய் என்றால் உடம்பும்தான்.
அரை வயிறு, அரைத் தூக்கம்
என்று அப்போது தோன்றவில்லை.

அவன் போனபின் பழைய புத்தகங்களைப் புரட்டினேன்.
ஆறு வருடமாக
வெட்டியதைவிட நிறுத்தது அதிகம்.
‘நிறுவைப் பிழை’ என்று நானே எழுதி
நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
முன்னூறு ஆள் இங்கே.
ஆளுக்கு நிமிடத்தில் பதினைந்து இமைப்பு.
சிந்திய பழத்தையே
எண்ணிப் பொறுக்கச் சொல்லும் கம்பெனி.

ஞாயிற்றுக்கிழமைதான் நகம் வெட்டினேன்.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
நகத்தை விடுங்கள்.
கட்டைவிரலில் முள் ஏறி ஆறிய வடு.
செம்பனைக் காட்டுக்குள்
நான் கால் வைத்ததே இல்லை.

அவன் நிறுவைச் சீட்டில் மட்டும்
நானூற்று இருபது என்றே போட்டேன்.
அந்தப் பத்துக் கிலோவை
விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இன்று புதன்.
டிரெசருக்கு நாக்கை நீட்டினேன், அடியில் மாத்திரை.
கிளினிக்குப் பின்னால் சாக்கடையில் துப்பினேன்.
தவளை ஒன்று முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

கணக்குப் புத்தகம் இடுப்பில்.
பேனா கொண்டையில்.
காலில் அக்காள் மகனின் பூட்ஸ், அரை அளவு பெரிது.
வளைவில் லோரி வெளிச்சம் திரும்புகிறது.
கண் எரிகிறது, நீர் கட்டுகிறது,
இன்னும் கொஞ்சம்,
லோரி மேடை ஏறட்டும்,
எடை விழட்டும்.

விழுந்தது. எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் அடுத்த எழுத்தைச் சொல்கிறேன்.
இப்போதைக்கு

அ