புரட்டாசிப் பூ

ஏற்காட்டு வண்டியின் நடத்துனர் சவரியப்பன்
இருபது கொண்டை ஊசி வளைவையும்
சட்டைப்பையில் வைத்தே இறக்கிக் கொண்டுவந்தார்
விரல் நீளத் தண்டு ஒன்றை.
இலை இல்லை, முள்ளும் இல்லை,
நாலு பட்டை, தொட்டால் வெல்வெட்.
"பூத்தா சொல்லுங்க மேடம்."
ரத்தம் கொடுக்க வந்தவர். சர்க்கரை இருநூற்றுப் பத்து.

அஸ்தம்பட்டி மொட்டைமாடியில்
உடைந்த வாஷ்பேசினில் நட்டேன்.
பதினேழு மாதம் அது என்னைச் சட்டை செய்யவில்லை.
பிறகு மண்ணோடு மண்ணாக ஒரு மொட்டு,
நாளுக்கு நாள் காற்றடைத்து.

புரட்டாசி முதல் சனிக்கிழமை
இரவுப் பணி முடிந்து வந்தால்
ஐந்து முனையும் விரிந்து கிடந்தது
என் கையை விடப் பெரிதாக:
வெளிர்மஞ்சள், குறுக்கே கருஞ்சிவப்பு ரேகைகள்,
ஓரமெல்லாம் மயிர்.
பூ என்று சொல்ல வாய் வரவில்லை.

வெயில் ஏறியதும் வாடை ஏறியது.
எனக்குத் தெரிந்த வாடைதான்;
பெரியாஸ்பத்திரியில் மின்சாரம் போன மதியங்களில்
கடைசிக் கட்டடத்தைத் தாண்டும்போது
துப்பட்டாவை மூக்குக்கு இழுக்கும் வாடை.

வீட்டுக்காரர் பச்சமுத்து
நாமம் உலராத நெற்றியோடு மேலே வந்தார்.
"கருவாடு வறுத்தியாம்மா?"
இல்லை என்றேன்.
"வேற யாரு இந்த வீட்ல..."
அங்கே நிறுத்திக்கொண்டார்.
அந்த நிறுத்தத்தை இதற்கு முன்
மூன்று வாடகை வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

அதனால் பூவைக் காட்டவில்லை.
எலியைத் தேடினார்கள்.
கோகிலவாணியின் பையனைத் தொட்டிக்குள் இறக்கி
டார்ச் அடித்தார்கள்.
ஏசிப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டடைக்குச்சி விட்டார்கள்.
எல்லோரும் பூவைத் தாண்டித்தான் நடந்தார்கள்.
"அழகா இருக்கே" என்றார் கீழ்வீட்டு டீச்சர்,
மூக்கைப் பொத்தியபடி.

ஈக்களுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.
பச்சையாய் மினுங்கி வந்து
நடுக்குழியில் முட்டை இட்டுப் போயின.
எண்ணுவது என் தொழில். எண்ணினேன்:
நாற்பத்தொன்று.

ஞாயிறு மாலை புழுக்கள்.
கறி என்று நம்பித் தாய் விட்டுப்போன இடத்தில்
கறி இல்லை.
தலையைத் தூக்கி
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
லென்ஸை மடக்கி வைத்துவிட்டேன்.

திங்கள் காலை சூரமங்கலம் போய்
ஐம்பது கிராம் ஈரல் வாங்கினேன்.
"பூனைக்கா?" என்றார் கடைக்காரர். தலையாட்டினேன்.
மூன்று பைக்குள் பை சுற்றி
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒளித்துப் படியேறினேன்.
செய்யாத குற்றத்துக்கு வாங்கிய பெயருக்கு
இரண்டு நாள் தாமதமாகக் குற்றம்.

செவ்வாய் விடியலில்
வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு குண்டுக்கரிச்சான்.
ஈயைத் துரத்தித்தான் வந்தது,
வந்த இடத்தில் பூவின் நடுவையும்
துடைத்தாற்போல் கொத்தியது.
கைப்பிடிச் சுவரில் அமர்ந்து பாடவும் செய்தது.
ஈரலை எறும்புகள் எடுத்துக்கொண்டன.
என் தர்மத்தை யாரும் கேட்டிருக்கவில்லை.

பூ சுருண்டது.
"எங்கயோ செத்தது காஞ்சிருச்சு" என்றார் பச்சமுத்து.

ஆடிக் காற்றில்
இரண்டு கொம்பாய் நின்ற காய் வெடித்து
விதைகள் பஞ்சு கட்டிக்கொண்டு
ஆளுக்கொரு மாடிக்குப் போயின.

தை பிறந்து ஒரு காலை
"அம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டார்.
தண்ணீர்த் தொட்டியின் காலடி வெடிப்பில்
நாலு பட்டையாய், சுண்டுவிரல் உயரத்துக்கு.
"யாரும் வெக்கல. தானா வந்திருக்கு. பூக்குமா?"
பூக்கும்.
"எப்போ?"
புரட்டாசியில்.
"பெருமாள் மாசம்!" என்று
கன்னத்தில் போட்டுக்கொண்டு
சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்தார்.

அதிகம் ஊத்தாதீங்க,
அழுகிடும் என்றேன்.
அதை மட்டும் சொன்னேன்.