கால் சுற்று

மருத்துவர் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.
ஜன்னலுக்கு வெளியே தொபோல் ஆறு
மார்ச் ஆகியும் உருகாமல் கிடந்தது.

ஒன்று வளையம். காலுக்கு வெளியே நிற்கும்.
நான்கு வட்டம், இடையில் திருகுக் கம்பிகள்,
எலும்பைக் குறுக்கே துளைத்து
சைக்கிள் ஆரம்போல் இழுத்துக் கட்டிய ஊசிகள்.
மற்றது ஆணி. தொடையெலும்பின் மஜ்ஜைக்குள் ஒளிந்துகொள்ளும்.
வெளியே காந்தத்தைப் பிடித்தால்
உள்ளே சொன்ன பேச்சு கேட்டு நீளும்.
வளையத்துக்கு ஒரு பழைய லாடா காரின் விலை.
ஆணிக்கு, நானும் ரைசாவும் இருக்கிற வீட்டின் விலை.

நான் கடைசல்காரன்.
பேருந்துத் தொழிற்சாலை, இரண்டாம் ஷிப்ட்.
கம்பியைக் கையில் வாங்கி நகத்தால் மரையைத் தடவினேன்.
"ஒரு மில்லிமீட்டர் மரை" என்றேன்.
அப்போதுதான் மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார்.
ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்.
நாளொன்றுக்கு அதற்குமேல் எலும்பு தாங்காதாம்.
அதையும் ஒரே மடக்கில் கொடுக்கக் கூடாது.
காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நள்ளிரவு:
கால் காலாகச் சுற்ற வேண்டும்
காலை.

இருப்பது நூற்று ஐம்பத்தெட்டு.
வேண்டுவது ஐந்து.
ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் கதை இல்லை.
யாரும் விட்டுப் போகவில்லை. யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம், வேறு எதற்காவது.
லேத்தின் முன் ஒரு பலகை போட்டு நிற்கிறேன்,
பதினேழு வருடமாக.
வேறு ஷிப்ட்காரர்கள் எடுத்துவிடக் கூடாதென்று
அதில் என் பெயரைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
அன்பாகத்தான்.

ரைசா அளவு நாடாவோடு வந்திருந்தாள்.
ஆணி என்றால் மூன்று மாதம் பாரம் ஊன்றக் கூடாது,
நாலாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது, யார் தூக்குவது?
வளையம் என்றால் ஊன்றலாம்.
ஆனால் ஊசி நுழையும் வாயெல்லாம் சீழ் கட்டும்,
தினம் ஸ்பிரிட், தினம் பஞ்சு, எட்டு மாதம்.
எந்தக் கால்சட்டைக்குள் அது நுழையும்?
கழிவறைக் கதவு ஐம்பத்தாறு.
வளையத்தோடு நீ அறுபது.
"நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகணும், இல்தூஸ்."
இரண்டும் கலந்த மூன்றாவது வழியை மருத்துவர் சொன்னபோது
கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே சட்டையா என்றாள்.
பிறகு, நாடாவைச் சுருட்டியபடி:
"எனக்காகன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

நடைக்கூடத்தில் ஒரு பையன், சாவ்வா, ஒன்பது வயது,
வலது காலில் வளையங்கள், ஒரு வட்டத்தில் டைனோசர் ஸ்டிக்கர்.
"உனக்கு எந்தக் கால் குட்டை?"
"ரெண்டும்."
குனிந்து என் பூட்ஸ் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தான்.
"அப்போ சரியாத்தானே இருக்கு."
அவன் அம்மா அதட்டினாள்.
எனக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை.

அவன் கைக்கடிகாரம் கூவியது. பன்னிரண்டு.
ஸ்பேனரை எடுத்தான், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டான்,
முதல் நட்டு, இரண்டாவது, மூன்றாவது.
அவசரமில்லாத கை. எங்கள் பட்டறையில்
இவனை நாளைக்கே சேர்த்துக்கொள்வார்கள்.
நாலாவதை விட்டுவிட்டான். சுட்டிக் காட்டினேன்.
"தெரியும். அது உனக்கு."
ஸ்பேனர் உள்ளங்கைச் சூட்டோடு என்னிடம் வந்தது.

ஆயிரமாயிரம் நட்டுகளைத் திருகியிருக்கிறேன்.
எதுவும் என்னைத் திருப்பிப் பார்த்ததில்லை.
கால் சுற்று.
அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை.
"இப்போ ஒண்ணும் இல்ல. ராத்திரிதான்" என்றான்.

படிவத்தில் 'வளையம்' என்று எழுதினேன்.
யாரோ காந்தம் பிடிக்க, நான் படுத்துக் கிடப்பது
என் தொழிலுக்கு ஒப்பாது.
காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனா நின்றது.
'பலகை, தடிமன் ஐந்து செ.மீ.' என்று நிரப்பினேன்.
மருத்துவர் படித்தார். திருத்தவில்லை.

வெளியே வந்தபோது ரைசா
மருத்துவமனைக் கழிவறைக் கதவை
அளந்துகொண்டிருந்தாள்.