முதல் சுற்று கார்த்திகையில்

அட்டவணை வந்துவிட்டது.
எட்டுச் சுற்று. இருபத்தாறு கார்.
கார்த்திகை முதல் ஞாயிறு, இரவு எட்டரைக்குப் பச்சை விளக்கு.
வானிலை: வெயில், காய்ந்த பாதை
என்று எழுதியிருக்கிறது.
எழுதியவருக்கு அமிர்தகழியின் கார்த்திகை தெரியாது.

போன சீசன் கடைசிச் சுற்றில்
மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தேன்.
இன்னும் நாலு லாப்.
வாவிப் பக்கம் ஒரு மின்னல்,
கம்பியில் தென்னோலை விழுந்த சத்தம்,
பிறகு கறுத்த திரையில் என் முகம்.
ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தேன்
கொஞ்ச நேரம்,
வளைவு இன்னும் முடியாதது போல.

கூட ஓடியவர்கள் பிறகு சொன்னார்கள்:
உன் கார் திரும்பவே இல்லை,
நேராகப் போனது,
புல்லுக்கு மேலால், மதிலுக்குள்ளால்,
பிறகு இல்லை.
பட்டியலில் க. தர்மிளா, முடிக்கவில்லை.
பெயரை மட்டும் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.

இந்த முறை
சீட்டுக் காசில் ஒரு இன்வேட்டர் வாங்கினேன்.
பற்றரிக்குக் காசில்லை.
பக்கத்து வளவுச் சுகிர்தனிடம் கேட்டேன்.
பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன்,
ராவில் அது சும்மாதானே நிற்கிறது.
"என்ன கா, என்ட ஓட்டோவக் கழட்டி
ஜெர்மனியில ஓடப் போறியா?"
சிரித்தான்.
பிறகு யோசித்து, "சும்மா தர ஏலா" என்றான்.

காசு கேட்கவில்லை அவன்.
அதனால்தான் இப்போது
என் காரின் பின் இறக்கையில்,
டயர்க் கம்பனி விளம்பரம் வரவேண்டிய இடத்தில்,
அவன் ஓட்டோவின் பின்கண்ணாடியில் உள்ள அதே மஞ்சள் எழுத்தில்
மாமாங்கேசர் துணை.

போலந்துக்காரன் ஒருவன் கேட்டான்:
இது யார், உன் ஸ்பொன்சரா?
கடவுள் என்று எழுதக் கூச்சம்.
பற்றரி என்று எழுதினேன்.

பெடல் வழுக்காமல் சுவரோடு அண்டக் கொடுத்திருப்பது
இருபத்தைந்து கிலோ சம்பா மூட்டை.
அம்மா உலைக்கு அள்ள அள்ள
என் பிரேக் பின்னுக்குப் போகிறது.
மாதத் தொடக்கத்தில் நூறு மீற்றர்ப் பலகையில் மிதித்தால் போதும்,
மாதக் கடைசியில் அதற்கும் முன்னமே.

நேற்று ராத்திரி
ஒரு லாப்பின் நடுவில்
எட்டி மெயின் சுவிட்சை நானே அணைத்தேன்.
ஃபேன் நின்றது.
அறைக்குள்ளிருந்து அம்மா ஏசினாள்.
திரை நின்றது, அணையாமல்!
கார் ஓடியது.

முன்னுக்குப் போன சிவப்புக் கார்தான்
திடீரென்று இல்லை.
பின்கண்ணாடியிலும் ஒருவரும் இல்லை.
ரவுட்டருக்கு வயர் இழுக்க
மறந்துபோயிருந்தேன்.

தொடர்பு அறுந்தது என்று எழுத்து வரும்வரைக்கும்
அந்த வெயிலில்
ஆளில்லாத பாதையில் தனியாக ஓடினேன்.
வெளியே வளவு முழுக்கத் தவளைச் சத்தம்.
பிரேக்கில் கால் வைக்கவில்லை.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.
மூன்று மீற்றர் வயர் வாங்க வேண்டும்,
ஒரு மூட்டை அரிசியும்.