உண்மை மொழிபெயர்ப்பு

பக்கத்துக்கு ஐந்நூறு. முத்திரை வேறு.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி, விவாகரத்து
எல்லாம் ஒரே விலைதான்.
நீதிமன்றத்துக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
இருபத்தாறு வருடமாய் என் மேசை.

ஆதிரூபன் வந்தது ஒரு செவ்வாய், கரண்ட் இல்லாத நேரம்.
வயது முப்பத்திமூன்று.
மூன்று வயதில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறியவன்.
பிறகு ஸ்காபரோ.
பிறகு ஒரு பார் வாசல், ஒருவனுடைய உடைந்த தாடை.
பக்கத்து வாங்கில் மாமி புஸ்பவதி,
மடியில் அவனுடைய ஹெல்மெட்.

ஃபைலுக்குள் தீர்ப்பும் இருந்தது.
"ஆறு மாதம்தானே" என்றேன்.
"அந்த ஆறு மாதம்தான் அங்கிள் பிரச்சினை.
ஒரு நாள் குறைய எண்டால் அப்பீல் இருந்தது."
நீதிபதி சொன்னது வட்டமான ஒரு எண்.
ஒரு நாளைக் கழியுங்கோ என்று
எழும்பிக் கேட்க அங்கே ஆளில்லை.
இவனுக்காக வந்த லோயருக்கு
அன்று வேறு நாலு வழக்கு.

பிரஜாவுரிமைப் படிவம் வீட்டில் கிடந்ததாம்,
பிரிட்ஜ் கதவில், காந்தத்துக்குக் கீழே.
தங்கை அங்கேயே பிறந்தவள். தாய்க்கும் தகப்பனுக்கும் கிடைத்துவிட்டது.
இவனுடையதற்கு அந்த வருடம் காசு காணவில்லை,
அடுத்த வருடம் ஞாபகம் வரவில்லை.
ஒரே மேசையில் சோறு தின்ற நாலு பேரில்
தான் மட்டும் விருந்தாளி என்பது
விலங்கு போட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

நான் பெயர்க்க வேண்டியது தீர்ப்பை அல்ல.
விதானையாரின் கடிதம். ஒரே பக்கம்.
திரும்பக் கூப்பிடச் சொல்லிப் போடும் மனுவுக்காக
அங்கத்தைய சட்டத்தரணி கேட்டது.
'மேற்படி நபருக்கு இப்பிரிவில் உறவினர் எவரும் இல்லை.
தங்குமிடமோ பராமரிப்பாரோ இல்லை.'

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.
மாமி ஹெல்மெட் பட்டியின் முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு மாமி?" என்றான்.
அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.
"நல்லாத்தான் எழுதியிருக்கு. நீ போய் எனக்கொரு சோடா வாங்கிக்கொண்டு வா."

படியில் அவன் சத்தம் இறங்கி முடிந்ததும்
"நான்தான் எழுதுவிச்சனான், மாஸ்ரர்.
விதானையார் மாட்டன் எண்டவர். மூண்டு நாள் போய் நிண்டனான்.
நான் இருக்கிறன் எண்டால் அவனை அங்க எடுக்கமாட்டினமாம்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"இங்கிலிசில வடிவா வருமோ, ஒருத்தரும் இல்லை எண்டு?"

வரும் என்றேன்.
தமிழை விட அதில் இன்னும் சின்னதாய் வரும்.

"அவன் இங்கிலிஸ் வாசிப்பான்.
கவரை ஒட்டித் தாங்கோ."

கரண்ட் வந்தது. அடித்தேன்.
கீழே வழக்கமான வரி:
இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு எனச்
சத்தியம் செய்து உறுதிப்படுத்துகிறேன்.
மூலத்தைப் பற்றி என்னிடம்
யாரும் சத்தியம் கேட்பதில்லை.
முத்திரை குத்தி, பசை போட்டு, காசையும் வாங்கினேன்.

ஜன்னலால் பார்க்க,
மோட்டார்சைக்கிள் கண்டி வீதிக்குள் இறங்கியது.
கடிதத்தின்படி
பின்சீட்டில் எவரும் இல்லை.
சந்தியில் அவன் பழைய பழக்கத்தில்
பிழையான பக்கம் திரும்பிப் பார்க்க,
வலத் தோளில் ஒரு கை
இரண்டு தரம் தட்டியது.