நண்டு வளைச் சத்தம்

பதினோரு நாள் ஷட்டருக்கு எதிரே முக்காலி நின்றது.
லென்ஸுக்கு மேல் உத்திராபதியின் கருப்புக் குடை.
அவர் லஸ்கர்.
அடப்பாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் சாவி
அவர் அரைஞாணில் தொங்கியது.
"காஞ்ச வாய்க்கால எதுக்கு இம்புட்டு நேரம் புடிக்கிறீங்க,
எந்திரிச்சு ஓடிடுமா?"
காத்திருப்பதுதான் படம் என்றேன்.
எழுபது வயது வரை கடைமடையில் காத்திருந்தவர்
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது நான் கறாரானவள்.
பின்னணி இசை கூடாது, விவரிக்கும் குரல் கூடாது,
யாரையும் இன்னொரு தடவை நடக்கச் சொல்லக் கூடாது.
நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்
அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள்
தலைஞாயிறு லாட்ஜில் பேட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில்
தண்ணீர் வந்துவிட்டது.
புழுதியில் நேரடி விதை தெளித்துவிட்டு
வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்த அமிர்தவல்லி
போனில் சொன்னாள்:
"மூணரைக்கே வந்துட்டு. நீங்க தூங்கிட்டிய."

ஓடிப்போய் உத்திராபதியைக் கேட்டேன்,
ஷட்டரை இறக்கித் திரும்ப ஏற்ற முடியுமா.
"அரை மணிதான். கீழத்தெரு ஆளுங்க வந்துடுவாங்க."
இறக்கினார். ஏற்றினார்.
ஆனால் நனைந்த தரை
மறுபடி முதன்முதலாக நனைவதில்லை.
புழுதி கறுத்துச் சுருங்கும் அந்த ஓரம்
எங்கள் பிரேமுக்குள் வரவேயில்லை.

பிறகு வயலுக்குப் பிரியும் ஒரு சாண் அகலக் கன்னியில்
கேமராவைத் தரையோடு தரையாக வைத்தோம்.
நெருங்கிப் போனால் கன்னி நதியாகிவிடும்.
வைக்கோல் துரும்பு மரமாகும்,
நுரை வெள்ளமாகும்.
நிஸ்தாரின் மைக்கில் பக்கத்து மோட்டார்தான் விழுந்தது.
எடிட்டிங்கில் அதைத் துடைத்துவிட்டு
முந்தைய மாதம் கல்லணை மதகடியில் பிடித்திருந்த
இரைச்சலை வைத்தேன்.
பார்த்தவர்கள் சிலிர்த்துப்போனதாகச் சொன்னார்கள்.
நானும்தான்.

கொள்முதல் நிலையச் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினோம்.
நெல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.
அமிர்தவல்லி தன் பாதங்களைப் பார்த்துச் சிரித்தாள்,
"இம்புட்டு வெடிப்பா?"
படம் முடிந்ததும் உத்திராபதி வந்தார்.
"எல்லாம் சரி. சத்தம்தான் நம்மளுது இல்ல.
அது மேலத் தண்ணி.
இங்க வர்றது கத்தாது.
நண்டு வளைக்குள்ள பூந்து
மொளக் மொளக்குன்னு, பசிச்ச வயிறு மாதிரி.
அதக் கேட்டுத்தானே நான் கண்ணு முழிக்கிறேன்."

ஷட்டரைத் திரும்பத் திறந்தோமே, அது மட்டும் பொய்யில்லையா?

"அதெப்படி? நாந்தானே தொறந்தேன்.
வருஷா வருஷம் நாந்தானே தொறக்கிறேன்."

அன்றிரவு நோட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஒலியைப் பற்றி
ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

கல்லணையை எடுத்துவிட்டேன்.
இப்போது படத்தில் நாற்பது நொடி
தண்ணீர் ஊமையாக வருகிறது.
ஒரு விழாவில் கேட்டார்கள்,
ஸ்பீக்கர் கோளாறா, உத்தியா?
இரண்டுமில்லை, இன்னும் எடுக்கவில்லை என்றேன்.
கைதட்டினார்கள், ஏனென்று தெரியவில்லை.

இந்த ஆனியில் மறுபடி வந்திருக்கிறோம்.
கேமரா பையைவிட்டு வெளியே வரவில்லை.
இருட்டில் நிஸ்தார் குப்புறப் படுத்து
வளைக்கு நாலு விரல் மேலே மைக்கைப் பிடித்திருக்கிறான்.
டார்ச்சை அணைத்துவிட்டு உத்திராபதி
இருமுவதற்காக
மூங்கில் பாலம் தாண்டிப் போகிறார்.
மேட்டூரில் திறந்து பத்தொன்பது நாள்.
மீட்டரில் முள் அசைகிறது.
நண்டுதான்.