அரை மணித்தியாலம்

வருசப்பிறப்புக்கு அடுத்த இரவு
பன்னிரண்டரை மணி மறுபடியும் பன்னிரண்டானது.
பத்து வருசத்துக்கு முன் கேட்காமல் எடுத்த அரை மணித்தியாலத்தை
அரசாங்கம் திருப்பித் தந்தது,
வட்டி இல்லாமல்.

அதுவரை கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மணிக்கூடு.
விறாந்தையில் புதுநேரம்: கந்தோருக்கு, பஸ்சுக்கு, ஊரடங்குக்கு.
குசினியில் பழைய நேரம்: வெயிலுக்கு, ராகு காலத்துக்கு, பசிக்கு.
கலியாண அழைப்பிதழில் "பழைய நேரம்" என்று தடித்த எழுத்தில் அடித்தாலும்
தாலி ஏறி, முதல் பந்தியும் எழும்பின பிறகு
சால்வையோடு வேர்த்து வந்து நிற்க ஒருவர் இருப்பார்.
ஒரு தடவை அது நான்.

பத்மலோசினி ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பினாள்.
"சும்மா கிடைச்ச அரை மணித்தியாலம். என்ன செய்யப் போறியள்?"
தான் நித்திரை கொள்ளப் போவதாகச் சொன்னாள்.
கொண்டாள்.

நான் அவளுடைய தையல் பெட்டியில் நாடாவை எடுத்து,
ரோச்சின் வாயை விரல்களால் பொத்தி,
பின் வளவுக்குப் போனேன்.
பங்குனியில் கனகசூரியர் வேலி அடைத்தபோது
கதியால்கள் இரண்டு விரல் என் பக்கம் வந்ததாக
ஒரு மாதமாய் நெஞ்சுக்குள் ஒரு கணக்கு.

ஒழுங்கையால் றோந்து போகிற காலம்.
வெளிச்சத்தைக் கண்டால் கேள்வி பிறகுதான் வரும்.
இரண்டு விரல் நிலத்துக்காக
ஐம்பது வயது மனிதன்
இருட்டில் முழங்காலில் நின்றான்.

வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம்.
அவரும் விரலால் பொத்தியிருந்தார்.
மற்றக் கையில் முடிச்சுப் போட்ட கயிறு.

கிளுவை இலைக்குள்ளால் கன நேரம் பார்த்துக்கொண்டோம்.
பிறகு கேட்டார், மூச்சாலே கேட்டதுபோல:
"உங்கட மணிக்கூட்டில இப்ப எத்தினை மணி?"

சத்தம் வரக்கூடாத சிரிப்பு.
வயிறு நொந்தது. மூக்கால் வழிந்தது.
ஆளுக்கொரு கதியாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்;
வேலி முழுக்க ஆடியது.
எங்கோ ஒரு நாய் குரைக்க
இரண்டு ரோச்சும் அணைந்தன.

திருந்தவில்லை நாங்கள்.
விடிந்ததும் கிராம அலுவலரிடம் முதலில் ஓடியது யார் என்பதில்கூட
இரண்டு கதை உண்டு.
ஆவணியில் பாதை பூட்டியபோது
அரைப் போத்தல் மண்ணெண்ணெய் தந்தார்,
அதை ஒரு வருசம் சொல்லிக்காட்டினார்.
நானும் அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது அவர் இல்லை.
கனடாவிலிருந்து வந்த மகன் லேசர் பிடித்து அளந்து
மதில் கட்டிவிட்டான்.
பிழை எந்தப் பக்கம் இருந்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்க விருப்பம் இருந்தது.

கைபேசி தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.
ஒருவரும் ஸ்டூலில் ஏறுவதில்லை.
எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு தந்தார்கள்,
ஒன்றும் தெரியவில்லை.

சந்தோசமாய் இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கோ என்று
பேரப்பிள்ளை பள்ளிக்கூடப் பயிற்சிக்காகக் கேட்டது.
மகள் பட்டம் வாங்கிய நாளைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டு போனது.
கதிரைக் கையைப் பிடித்திருந்த என் கை
அது ஆடாததைப் பார்த்து
கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தது.